கீழ் ஓரத்துப் பொத்தானைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பழைய குழந்தை உடுப்பின் படங்களைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அதன் பெயர் லிபர்ட்டி பாடிஸ். உன் தோழி சொல்வதுபோல் அது வெய்ஸ்ட்கோட் (கையில்லாத மேற்சட்டை) இல்லை. வெய்ஸ்ட்கோட் என்றால் லைனிங் இருக்கும், பை இருக்கும். இதில் இரண்டும் இல்லை. இடையை இறுக்கிக் கட்டும் கார்செட்டும் இல்லை, அதில் எஃகுபோல விறைப்பான பட்டைகளைச் செருகியிருப்பார்கள். இது மெத்தென்ற பின்னல் துணி, அளவும் குழந்தை அளவு.

கீழ் ஓரத்தைப் பார். காஜா எதற்கும் சேராமல் தனியே நிற்கிறதே பொத்தான், அதுதான் அடையாளம். நீளக் காலுறையைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையை அதில் மாட்டுவார்கள். அந்த இழுப்பு முழுக்கத் துணியில் விழுந்தால் பின்னல் தொய்ந்துவிடும். அதற்குத்தான் மேலிருந்து கீழாக நாடா வைத்து அடித்திருக்கிறார்கள். பாரம் நாடா வழியே தோளுக்குப் போய்விடும். யார் யோசித்தாரோ, கெட்டிக்காரத் தையல்.

லிபர்ட்டி பாடிஸ் என்பது பனியனுக்கு மேலே, கவுனுக்கு உள்ளே, குளிருக்குப் போடுவது. நீ இருக்கும் இங்கிலாந்திலேயே, மார்க்கெட் ஹார்பரோ ஊரில் சிமிங்டன் கம்பெனி 1908-ல் கொண்டுவந்தது. பிற்பாடு வீடுகளில் ஹீட்டர் வந்தது, பிள்ளைகள் இடுப்புவரை வரும் காலுறையான டைட்ஸுக்கு மாறினார்கள்; இதற்கு வேலை இல்லாமல் போயிற்று. சிமிங்டன் உடுப்புகளை லெஸ்டர்ஷயர் அருங்காட்சியகத்தார் சேர்த்து வைத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வருஷம் தெரியவேண்டுமானால் உள்பக்கத்து லேபிளைத் திருப்பிப் பார். ஆங்கில C எழுத்துபோல வாயைத் திறந்த இரண்டு வட்டமும் '41' என்ற எண்ணும் இருந்தால் அது யுடிலிட்டி முத்திரை, போர்க்கால அரசுக் கட்டுப்பாட்டின்படி தைத்த உடுப்புக்கான அடையாளம். 1941-க்கும் 1952-க்கும் இடையில் தைத்தது. முத்திரை இல்லையென்றால் முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு.

கீழ்ப் பொத்தான்களை வெட்டிவிட்டுச் சின்னவளுக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. அதை எடுத்துவிட்டால் அது வெறும் பழைய உள்ளுடுப்பு. அந்தப் பொத்தான்கள் தொட்டால் ரப்பர்போல இருக்கிறதா பார்; துணி பிழியும் உருளையில் உடையாமலிருக்க ரப்பர் பொத்தான் வைப்பார்கள். அப்படியானால் வெந்நீரும் இஸ்திரியும் ஆகாது, ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி, தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பிக் காயவை.

சின்னவளுடைய மார்புச் சுற்று, தோள் அளவு எழுதி அனுப்பு. அதே மாதிரி புதிதாக ஒன்று நான் தைத்துத் தருகிறேன், கீழ்ப் பொத்தான் இல்லாமல்.

அன்புடன்,
அம்மா