லேசருக்குக் காசு கட்டமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனச்சோர்வுக் குளிசையை நிறுத்திய பிறகும் பாலுணர்வு திரும்பாதவர்களுக்கு லேசர் ஒளி தீர்வு தரும் என்ற பேச்சு முகநூல் வழியாக வன்னிக்கும் வந்திருக்கிறது. கருவியை வரவழைத்து வீட்டிலேயே பிடிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாதிப்பு கற்பனை அல்ல. புளுஒக்செற்றீன், சேற்றலீன், எஸ்சிற்றலோபிராம், வென்லாபக்சின் போன்ற மருந்துகளை நிறுத்திய பின்னும் பாலியல் கோளாறு நீடிக்கலாம் என்பதை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் கூறியது. ஆண், பெண் இருபாலாருக்கும் இது வரலாம். முக்கிய அடையாளம் பிறப்புறுப்பு மரத்துப்போவது. ஆசை மட்டும் குறைந்திருந்தால் மனச்சோர்வே காரணமாக இருக்கலாம். தோலில் தொடுகை தெரியாமற் போவதை மனச்சோர்வு விளக்காது.

லேசருக்கு இருக்கும் ஆதாரம் மிகச் சிறியது. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டது, பரோக்செற்றீன் எடுத்த ஒரேயொரு ஆணின் விபரம். குறைவலு லேசரால் அவருக்குத் தொடுகை ஓரளவு திரும்பியது. விறைப்பும் விந்து வெளியேறலும் சீராகவில்லை. ஒளி இல்லாமல் சும்மா பிடித்துப் பார்க்கும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டும் பார்க்கப்படவில்லை. இதை வைத்துக் குணமாக்குவோம் என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆபத்து எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். இயன் மருத்துவப் பிரிவுகளில் வெப்பமோ ஒளியோ கொடுக்கமுன் அந்த இடத்தில் சூடும் குளிரும் தெரிகிறதா என்று சோதிப்பது வழக்கம். மரத்த தோல் சுட்டாலும் நோயாளிக்குத் தெரியாது. இங்கே மரத்துப்போனதே நோய். சிவப்பு ஒளியைக் கறுத்த தோல் கூடுதலாக உறிஞ்சிச் சூடாகும். அகச்சிவப்பு ஆழமாகப் போகும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இமை தானாக மூடாததால் விழித்திரை கருகலாம். அலைநீளத்துக்கு ஏற்ற காப்புக் கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. அளவும் முக்கியம்: 100 மில்லிவாற் ஒளியை 60 செக்கன் பிடித்தால் 6 ஜூல் சக்தி சேரும். கூடுதல் ஒளி கூடுதல் பலன் தராது, அளவு மீறினால் பலனே அடங்கிவிடலாம். விலை குறைந்த கருவிகளில் எழுதியிருக்கும் வலுவை நம்பி இந்தக் கணக்கைப் போட முடியாது. விதைப்பையிலும் புற்றுநோய் உள்ள இடத்திலும் பிடிக்கவே கூடாது. வைத்தியரின் சம்மதத்தோடு முயல்பவர்கள், பஞ்சாலும் குளிர்நீர், இளஞ்சூட்டு நீர் நிரப்பிய குழாய்களாலும் உணர்வைச் சோதித்து, படம் வரைந்து குறித்துவிட்டுத் தொடங்குங்கள். எத்தனை தடவை என்று முன்கூட்டியே தீர்மானித்து, மாற்றம் இல்லையென்றால் நிறுத்துங்கள்.

அதற்கும் முன்னால், வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் வெறுவயிற்றுச் சீனி, தைரொயிட், புரோலக்ரின் (பால் சுரக்கவைக்கும் ஓமோன்), ஆண்களென்றால் காலையில் எடுக்கும் ரெஸ்ரொஸ்ரரோன். மனநோய்க்குக் கொடுக்கும் றிஸ்பெரிடோன் என்ற மருந்து புரோலக்ரினைக் கூட்டும். எங்கள் மண்ணில் இன்னொன்றும் உண்டு: போரில் பாய்ந்த செல்துண்டோடு, முள்ளந்தண்டிலோ இடுப்பிலோ, வாழ்பவர்கள் பலர். அவர்களின் மரப்புக்கு நரம்புக் காயம் காரணமா என்று பார்க்காமல் குளிசைமேல் பழி போடக்கூடாது.

இதை வாசித்துப் பயந்து குளிசையைத் திடீரென நிறுத்தாதீர்கள். தலைச்சுற்று, மின்சாரம் அடித்தது போன்ற அதிர்வு, கடும் எரிச்சல் வரலாம். மனச்சோர்வு திரும்பினால் உயிருக்கே ஆபத்து. வைத்தியரிடம் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்கலாம், பாலியல் பக்கவிளைவு குறைந்த மிற்றாசபீனுக்கு மாற்றுவதைப் பற்றியும் கேட்கலாம்.

உளநலக் கிளினிக்குகளிடம் ஒரு வேண்டுகோள். முதற் குளிசை கொடுக்கமுன்பே பாலுணர்வு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். அது இல்லாமல் பின்னர் எதையும் ஒப்பிட முடியாது. வரிசையில் நிற்பவர்கள் காதில் விழாத இடத்தில் கேளுங்கள். கணவனை இழந்த பெண்ணிடம் இது தேவையில்லை என்று விட்டுவிடாமல் அவரிடமும் கேளுங்கள்.

இயன் மருத்துவர் ஒருவர்,
கிளிநொச்சி.