வற்றிய ஆற்றங்கரையில் இருக்கும் தம்பிக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை போய் மாதக்கணக்காகிவிட்டது என்பதைவிட, அதற்குக் கீழே நீ எழுதியிருந்த வரிதான் என்னை அதிகமாக வருத்தியது. "எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன் அண்ணா, ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. என் விசுவாசத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது." அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசி. மழை பெய்யாது என்று ஆகாப் ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொன்ன தீர்க்கதரிசி எலியாவை, கர்த்தர் கேரீத் ஆற்றண்டை போய் ஒளிந்திருக்கச் சொல்கிறார். காலையிலும் மாலையிலும் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன. குடிக்க ஆற்றுத் தண்ணீர். சாட்சி சொல்லும்போது நாம் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறோம். ஏழாம் வசனத்தைப் பார். தேசத்தில் மழை இல்லாததால் சில நாளுக்குப் பின்பு அந்த ஆறு வற்றிப்போயிற்று.

எலியா எங்கேயும் தவறிப்போகவில்லை. கர்த்தர் எங்கே இருக்கச் சொன்னாரோ அங்கேயே இருந்தார். இன்னும் சொல்லப்போனால், மழை இராது என்று அவர் சொன்ன வார்த்தை நிறைவேறியதால்தான் அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரும் வற்றியது. கீழ்ப்படிந்து நிற்கிற இடத்திலேயே ஆறு வற்றலாம், தம்பி. "உன் விசுவாசம் குறைவு, அதனால்தான் இப்படி" என்று உன்னிடம் யாராவது சொன்னால், இந்த வசனத்தை அவர்களுக்குக் காட்டு.

இன்னொன்றையும் கவனி. சாறிபாத் என்ற ஊருக்குப் போ என்ற கர்த்தருடைய வார்த்தை ஆறு வற்றிய பிறகுதான் வருகிறது. அதுவரை தண்ணீர் நாளுக்கு நாள் குறைவதைப் பார்த்துக்கொண்டு அவர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் மனதில் என்ன ஓடியது என்று வேதம் ஒன்றும் சொல்லவில்லை. நீ இப்போது அந்த நாட்களில் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

பயம் இருந்தால் ஒப்புக்கொடுத்தது பொய்யாகிவிடுமா? கெத்செமனேயைப் பார். "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபித்த நம் ஆண்டவர், அதற்குப் பிறகும் வியாகுலப்பட்டார் என்று லூக்கா எழுதுகிறார். அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்தது. மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அவரே மூன்று முறை ஜெபித்தார் என்றால், காலையில் ஒப்புக்கொடுத்ததை நீ ராத்திரியில் மறுபடியும் ஒப்புக்கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து அதையே மறுபடியும் சொல். அவர் அலுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த வருஷம் என்ன ஆகுமோ என்றும் கேட்டிருந்தாய். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்குத் தேவன் கொடுத்த ஆகாரமான மன்னா எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு. விடியும்வரை மீதி வைத்தால் பூச்சி பிடித்து நாறும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு. 40 வருஷம் இப்படியே போயிற்று. கர்த்தரால் ஒரே நாளில் ஒரு வருஷத்துக்கானதைக் கொடுத்திருக்க முடியாதா? ஜனங்கள் தினமும் காலையில் தம்மை நோக்கி எழுந்திருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் ஆகாரத்தை "இன்று" தாரும் என்றுதான் இருக்கிறது. சேமிப்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. யோசேப்பு செழிப்பான ஏழு வருஷமும் தானியம் சேர்த்தது தேவன் காட்டிய வழியில்தான். ஆனால் சேர்த்துவைக்க ஒன்றும் இல்லாத நாளில், இன்றைக்கு உள்ளதற்கு இன்றைக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றால் நாளைக்கு எழுந்து போடு. காத்திருப்பதும் முயற்சி செய்வதும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. "யாரிடமும் சொல்லவில்லை, ஜார்ஜ் முல்லரைப் போல ஆண்டவரிடம் மட்டும்தான் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். முல்லரை எனக்கும் மிகவும் பிடிக்கும். 1836-இல் பிரிஸ்டலில் அனாதை இல்லத்தைத் தொடங்கி, 1898-இல் இறப்பதற்குள் 10,000-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பராமரித்தவர். தேவையைச் சொல்லி மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்பது அவர் எடுத்த தீர்மானம். அந்த ஊழியத்தின் வழியாக, ஜெபத்தைக் கேட்கிற தேவன் இருக்கிறார் என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பது அவருடைய வாஞ்சை. உன் மௌனத்துக்கும் அதே காரணம்தானா என்று ஆண்டவருக்கு முன்பாக யோசித்துப் பார். அப்புறம், முல்லருக்கு வந்த காணிக்கைகளும் மனிதர் கைகளின் வழியாகத்தான் வந்தன.

எலியாவுக்கும் அப்படித்தான். சாறிபாத்தில் கர்த்தர் அவருக்காக ஏற்பாடு செய்து வைத்திருந்தது ஒரு விதவையை. அவளிடம் இருந்ததோ பானையில் ஒரு பிடி மா, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். பெரிய தீர்க்கதரிசி, விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார், அப்பமும் கேட்டார். கூச்சமாக இருந்திருக்காதா? அவர் கேட்டதால் அவருடைய பசி மட்டும் தீரவில்லை. அவளும் அவள் வீட்டாரும் அநேகநாள் சாப்பிட்டார்கள். "என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்று நாம் உரிமையோடு சொல்லும் வசனத்தையும், சிறையிலிருந்த பவுல் எழுதியது எப்பாப்பிரோதீத்து வழியாகப் பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்ட பிறகுதான். வாங்கிக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

நீ எதிர்காலத்தை ஒப்புக்கொடுத்துவிட்டாய் என்று நம்புகிறேன். பிறரிடம் உதவி வாங்குகிறவனாக இருப்பதற்கான கூச்சத்தை இன்னும் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அதையும் கொடுத்துவிடு, தம்பி.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் போதகரிடம் தனியாகப் பேசு. வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல். எனக்கும் ஒரு பட்டியல் எழுதி அனுப்பு: இந்த மாதம் எது கட்டாயம், எது பொறுக்கும் என்று. அம்மா அப்பாவுக்கு என் ஸ்தோத்திரங்களைச் சொல்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் அண்ணன்