செயலாளர் ஆண்டறிக்கை: காற்றாலைகளை அளந்து பார்த்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன, வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், சங்கத்தின் கருவிகளை எடுத்துப் போனவர்கள் இந்த மாதத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். நிர்வாகம் இவ்வளவுதான். மீதி முழுவதும் இந்த ஆண்டு நாம் செய்த ஒரே பெரிய வேலையைப் பற்றியது. நாமே செய்து நிறுத்திய காற்றாலைகள் உண்மையில் எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று அளந்தோம்.

இதுவரை யாரைக் கேட்டாலும் "நம்மது 500 வாட்", "ஆயிரம் வாட்" என்றுதான் பதில் வரும். எந்தக் காற்றில் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் திறன் எட்டு மடங்காகிறது. 2.4 மீட்டர் விட்டமுள்ள இறக்கைகளுக்குள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் காற்றில் ஏறக்குறைய 340 வாட் இருக்கிறது, 10 மீட்டரில் அதுவே 2,700. அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் 1919-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வீட்டில் செய்தது 30 சதவீதம் எடுத்தாலே நல்ல இயந்திரம், அதாவது 5 மீட்டர் காற்றில் 100 வாட். இந்தக் கணக்கைப் பார்த்துப் புது உறுப்பினர்கள் சிலர் சோர்ந்துபோனார்கள், ஆனால் எதிர்பார்ப்பு சரியாக இருந்தால்தான் குறை எங்கே என்று தேடவே முடியும்.

அளக்கும் முறையில் ஒன்றை வலியுறுத்துகிறேன். நாள் முழுக்கச் சராசரி வேகம் எடுத்து, அதற்கு எதிரே சராசரி வாட்டை எழுதினால் தப்பான முடிவுதான் வரும். பாதி நேரம் 2 மீட்டரும் பாதி நேரம் 8 மீட்டரும் அடித்தால் சராசரி 5 தான், ஆனால் அந்தக் காற்றில் சீராக 5 மீட்டர் அடிக்கும் காற்றைவிட இரண்டு மடங்கு ஆற்றல் இருக்கிறது. அதனால் ஒரு நிமிடச் சராசரியாக வேகத்தையும் வாட்டையும் சேர்த்தே குறித்து, அரை மீட்டர் வேகத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறையப் பதிவுகள் சேர்ந்த பிறகுதான், எந்த வேகத்தில் எத்தனை வாட் என்று காட்டும் வளைகோடு வரைய வேண்டும். காற்றின் வேகத்தை அளக்கும் வேகமானி இறக்கையின் உயரத்திலேயே, இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தள்ளி இருக்கட்டும். வீட்டுக் கூரையில் வைத்து அளந்த எண்கள் வேண்டாம்.

இனி இந்த ஆண்டு நமக்கு அதிகம் கற்றுக்கொடுத்த இயந்திரத்துக்கு வருகிறேன். நம் உறுப்பினர் ஒருவருடையது, 2.4 மீட்டர், 12 வோல்ட் பேட்டரி, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில் ஒரு தட்டுக்கு 12 காந்தம். லேசான காற்றிலேயே சார்ஜ் ஏறும், பலமான காற்றில் ஏனோ கூடவே கூடாது. இறக்கையை மாற்றலாமா, சுருளை மாற்றலாமா என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, முதலில் சுற்று வேகத்தைப் பார்ப்போம் என்று மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை அலை என்று காட்டும் நிலையில்) வைத்து, மூன்று ஃபேஸில், அதாவது மூன்று சுருள் தொகுதிகளில், ஒன்றில் அளந்தோம். 12 காந்தத்துக்கு, வரும் ஹெர்ட்ஸைப் பத்தால் பெருக்கினால் நிமிடச் சுற்று கிடைத்துவிடும். 7 மீட்டர் காற்றில் 17 ஹெர்ட்ஸ், அதாவது 170 சுற்று. இறக்கை நுனி காற்றைப்போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடுவதற்காகச் செதுக்கியது, ஓடியதோ மூன்று மடங்கு வேகத்தில். பேட்டரி வோல்ட்டேஜைப் பிடித்து வைத்திருக்கிறது, காந்தம் வலுவாக இருக்கிறது, அதனால் ஆல்டர்னேட்டர் இறக்கையை இழுத்து நிறுத்துகிறது. இறக்கையோ மெதுவாகச் சுற்றி, காற்றைப் பிடிக்கும் தன்மையையே இழந்து ஸ்டால் ஆகி நிற்கிறது.

காந்தத் தட்டுகளுக்கு நடுவே வாஷர் போட்டு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். காந்தப்புலத்தைக் குறைத்தால் மின்சாரம் கூடும் என்பதைப் பலரும் நம்பவில்லை. ஆனால் அதே 7 மீட்டர் காற்றில் 25 ஹெர்ட்ஸ் வந்தது, பேட்டரிக்குப் போன கரன்ட் 9 ஆம்பியரிலிருந்து 15 ஆனது. லேசான காற்றில் சார்ஜ் ஏறத் தொடங்குவது சற்றுத் தாமதமாகிறது, அது இதற்குக் கொடுக்கும் விலை. மூன்று மீட்டர் காற்றில் எடுப்பதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பதால் இந்த விலை நியாயம் என்பது என் கருத்து. மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று இணைக்கும் முறையை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றலாமே என்றும் கேட்டார்கள். மாற்றலாம், ஆனால் சார்ஜ் தொடங்கும் சுற்று ஒரேயடியாக 1.73 மடங்கு ஏறிவிடும், வாஷரில் இருக்கும் நிதானம் அதில் கிடைக்காது.

அப்புறம் ஒயர். கோபுரத்திலிருந்து பேட்டரி வரை நீளமாக இழுத்த 12 வோல்ட் இணைப்புகளில் நிறைய வாட் சூடாகவே போய்விடுகிறது. 48 வோல்ட்டுக்கு மாறினால் கரன்ட் நாலில் ஒன்று, அதே ஒயரில் இழப்பு பதினாறில் ஒன்று. புதிதாகக் கட்டுபவர்கள் இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். அளப்பதற்காகக்கூட, ஓடும் காற்றாலையிலிருந்து பேட்டரியைக் கழற்றாதீர்கள். சுமை போனால் இறக்கை கட்டுக்கடங்காத வேகத்துக்குப் போகும், வோல்ட்டேஜும் கூடவே ஏறும். மீட்டரையோ, கரன்ட்டை அளக்க இடையில் வைக்கும் ஷன்ட் என்ற சிறு மின்தடையையோ இணைக்க வேண்டுமென்றால் காற்று குறைவாக இருக்கும்போது மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்து நிறுத்திவிட்டு இணையுங்கள், கீழே யாரும் நிற்க வேண்டாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இது: சங்கத்தின் வேகமானியும் பதிவுக் கருவியும் வரிசைப்படி ஒவ்வொரு காற்றாலைக்கும் போகும், வளைகோடு வரைந்து முடியும்வரை அந்த இயந்திரத்தில் யாரும் எதையும் மாற்றக் கூடாது. முதலில் யாருடையது என்பதை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம்.