சிதறிப்போன செல்களையும் காட்டுங்கள்

சிலிக்கன் சில்லில் மனித நியூரான்களை (நரம்பு செல்களை) வளர்க்கும் ஆய்வுக் குழுக்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளில் நியூரான்கள் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நிற்கின்றன. சில வருடங்கள் செல் வளர்ப்பு வேலை பார்த்தவன் என்பதால், அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையும் சந்தேகமும் சேர்ந்தே வருகின்றன.

முறை தெரிந்ததுதான். சிலிக்கன் டை ஆக்சைடு மேல் பாரிலீன்-சி என்ற பிளாஸ்டிக் படலம் பூசி, கோடும் புள்ளியுமாகச் செதுக்கி, சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீரில்) ஊறவைத்துச் செல்களை விட்டால், அவை பாரிலீன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. வெற்று இடத்தை ஒதுக்குகின்றன. சரி, அப்புறம்? ஒரு புள்ளியில் மூன்று செல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், பக்கத்துப் புள்ளி காலி. நாளாக ஆக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கட்டிகட்டியாகத் திரளும். இரண்டு கட்டிகளுக்கு நடுவே நரம்பிழை, கொடிக்கயிறு போல விறைத்துத் தரையை விட்டு மேலெழும். செல்களுக்கான ஊட்டத் திரவத்தை மாற்றும்போது பிப்பெட் கொஞ்சம் வேகமாகப் பாய்ந்தால் மொத்தமும் உரிந்து மிதக்கும். காலையில் எடுத்திருந்தால் கட்டுரைக்கு ஆகியிருக்கும் படம், மாலையில் குப்பைக்குப் போகும்.

இது அழகுப் பிரச்சினை இல்லை. 1991இல் பீட்டர் ஃப்ரோம்ஹெர்ஸ் குழுவினர் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியின் நியூரான் ஒன்றை டிரான்சிஸ்டர் மேல் வைத்து அதன் மின் சமிக்ஞையைப் பிடித்தார்கள். ஒரே செல் என்பதால், யார் பேசியது என்ற குழப்பம் இல்லை. நீங்கள் வளர்ப்பது வலையமைப்பு. எந்தச் செல் எதோடு இணைந்திருக்கிறது என்று தெரிவதற்காகத்தானே இத்தனை பாடுபட்டு வடிவம் செதுக்குகிறீர்கள்? சமிக்ஞை பிடிக்கும் ஒரு மின்முனை மேல் மூன்று செல்கள் இருந்தால் அந்தப் பயனே போய்விடும். வலிப்பு மருந்து ஒன்றைச் சோதித்து, செல்களின் மின்துடிப்பு குறைந்தது என்று எழுதும்போது, குறைத்தது மருந்தா, உரிந்துபோன செல்லா?

(இன்னொன்று: புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்த செல் வரிசையில் உருவாக்கியதும், ஒருவரின் தோல் செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பி அதிலிருந்து உருவாக்கியதும், தலைப்பில் ஒரே ‘மனித நியூரான்’ ஆகிவிடுகின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும், செய்தி எழுதுபவருக்குத் தெரியாது.)

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. நூறு புள்ளிகளில் எத்தனையில் ஒற்றைச் செல் நின்றது, எத்தனை காலி, வடிவம் எத்தனை நாள் தாங்கியது, எத்தனை சில்லுகளைத் தூக்கிப்போட்டீர்கள்? இந்த நான்கு எண்களையும் பிற்சேர்க்கையிலாவது அச்சிடுங்கள். முதல் படம் அழகானதாகவே இருக்கட்டும். பக்கத்திலேயே பதினான்காம் நாள் படத்தையும் போடுங்கள். அதே சில்லு, அதே மூலை.

இப்படிக்கு,
நுண்ணோக்கியில் கண் வலித்த ஒருவன்