போர்டில் என்ன எழுதுவது

அன்புள்ள விஜி,

உன் இரண்டு கடிதங்களும் ஏழு மாதமாக மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன. திட்டிக்கொள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ போன் எடுத்தாலே பின்னால் லேபர் ரூம் சத்தம் கேட்கிறது, சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அத்தைக்கு மூட்டு வலி தேவலையா? மூத்தவன் எந்தக் காலேஜ் எடுத்தான்? உன்னைப் போல விடிய விடிய அரட்டை அடிக்காமல் படிக்கச் சொல்.

கிளினிக் திறந்துவிட்டேன், விஜி. முசிறி போகும் சாலையில், குணசீலம் தாண்டி, பெரியப்பாவின் பழைய உரக்கடையில். இரண்டு அறை, ஒரு திண்ணை, முன்னால் வேப்பமரம். மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும் யூரியா வாசம் வருகிறது. புதன், சனி இரண்டு நாளும் முழுக்க அங்கேதான்.

திறப்பதற்கு முன்பே ஒரு சண்டை. போர்டில் "நரம்பு சிகிச்சை" என்று போடச் சொன்னார் பெரியப்பா. பெயின்டரும் அவர் கட்சி. "மனநலம்னு போட்டா வாசப்படி மிதிக்க மாட்டாங்கம்மா" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "மனநல மருத்துவம்" என்றுதான் எழுதியிருக்கிறது, பெரிய எழுத்தில்.

முதல் பத்து நாளில் நாலு பேர் வந்தார்கள். எல்லோருமே இருட்டிய பிறகு. ஒரு அம்மா மஞ்சப்பையோடு மூன்று தடவை வாசலைக் கடந்து போனார். நாலாவது தடவை உள்ளே வந்தார். மண்டைக் கனம், கை கால் ஓய்ச்சல் என்றார். இரண்டு வருடமாகத் திருச்சியில் ஸ்கேன், குளுக்கோஸ், புதுக் கண்ணாடி. தலையில் ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி தூங்குவீங்களா என்று கேட்டேன். அவ்வளவுதான், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அந்தக் கேள்வியை இரண்டு வருடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லையாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று. "நரம்பு" என்று போட்டிருந்தால் முதல் தடவையிலேயே உள்ளே வந்திருப்பாரோ? நானே பேரை மறைத்தால், இது வெட்கப்பட வேண்டிய நோய்தான் என்று நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி. மறைக்காவிட்டால், வர வேண்டியவர் தெருவிலேயே நிற்கிறார். பெங்களூர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், எந்த மனநோயை எடுத்தாலும் பத்தில் ஏழு பேருக்காவது சிகிச்சை கிடைக்கவில்லை. அந்த ஏழு பேரில் எத்தனை பேர் இப்படி ஒரு போர்டைப் பார்த்துத் திரும்பியவர்களோ. வருகிறவர்களும் நாலு நாள் மாத்திரை போட்டுவிட்டு "தூக்க மாத்திரை, பழகிடும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை வேலை செய்யவே இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதை ஒவ்வொருவரிடமும் நாலு முறை சொல்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு தாய் வந்தார், தனியாக. "பையனைக் கூட்டிட்டு வர முடியாதும்மா, கட்டிப் போட்டிருக்கு" என்றார். வீட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டகைத் தூணில், மாட்டுக் கயிற்றில். இருபத்தாறு வயது, பாலிடெக்னிக் முடித்தவன். கணுக்காலில் புண். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைத்திருக்கிறார்கள். உச்சிக்காலத்தில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கும்போது அமைதியாக இருந்தானாம். கோயிலை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, விஜி. அந்தத் தாயை ஒதுக்காமல் உட்காரவைத்த இடம் அதுதான்.

கொட்டகையில் நின்றபோது 2001 ஆகஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது. ஹாஸ்டல் மெஸ்ஸில் நீதான் பேப்பரை என் பக்கம் தள்ளினாய். ஏர்வாடியில் 28 பேர். கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியோடு இருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள். அன்று நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். நான் இந்தப் படிப்பை எடுத்தது அந்தக் காலையால்தான். உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியில் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதை அந்தத் தாயிடம் சொன்னேன். "அவுத்து விட்டா மெயின் ரோட்டுக்கு ஓடுறான், லாரியில அடிபட்டா சட்டமா வரும்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? முதலில் மாத்திரை, தினமும் நானோ நர்ஸோ போய்ப் பார்த்தோம். பதினோராவது நாள் அவரே கயிற்றை அவிழ்த்தார். இப்போது மாதம் ஒரு ஊசி. பெரியாஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தான். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்ததே திருச்சியில்தான், 1997இல். ஆனால் அங்கே போக இரண்டு பேருக்கு பஸ், ஒரு நாள் கூலி, ஓடிவிடுவானோ என்ற பயம். நடந்து வரும் தூரத்தில் ஊசி இருந்தால் மட்டும்தான் அடுத்த மாதமும் வருவார்கள். இதற்காகத்தான் இந்த உரக்கடை.

கயிறு இன்னும் தூணிலேயே சுற்றி இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தோன்ற வேண்டும்.

சரி, உனக்கு ஒரு வேலை. பிரசவம் முடிந்து வருகிறவர்களிடம் தையலையும் தாய்ப்பாலையும் மட்டும் கேட்டு அனுப்பாதே. பிள்ளை தூங்கும்போது நீ தூங்குகிறாயா, பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று கேள். இங்கே இரண்டு பெண்கள் வந்தார்கள், இரண்டு பேரையும் முதலில் முனி அடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

தையில் வா. சத்திரத்தில் முசிறி பஸ் ஏறு, உரக்கடை என்று கேட்டால் கண்டக்டர் நிறுத்துவார். ஊரில் இன்னும் யாரும் கிளினிக் என்று சொல்வதில்லை.

உன்
சுமதி