தண்ணீர் மட்டும் காரணமல்ல, புல்லையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய தாளவாடியிலோ ஆசனூரிலோ தோட்டத்தில் யானை இறங்கினால், 'தண்ணீர் தேடி ஊருக்குள் வந்தது' என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. கோடையில் அது சரியாக இருக்கலாம். ஓடையெல்லாம் நீர் ஓடும் கார்த்திகையில் ராகிக் காட்டுக்குள் யானை ஏன் வருகிறது?

சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைக் காடுகளில் யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980களில் செய்த ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. தை முதல் பங்குனி வரை உயரப்புல் காய்ந்து சக்கையாகிவிடும், புரதம் மிகக் குறைவு. அப்போது யானைகள் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கூடி இலைதழைகளைத் தின்னும். சதுர கிலோமீட்டருக்கு 5 யானைகள் வரைகூடச் சேரும். கோடை மழை விழுந்ததும் கலைந்து உயரப்புல் காடுகளுக்குள் பரவும். புதுத்தளிரில்தான் புரதம் மிகுதி. ஆவணிக்குப் பின் அதே புல் முற்றி நார் பாய்ந்துவிடும். யானை அதைத் தூரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி உதறி, அடித்தண்டை மட்டும் தின்றுவிட்டு நுனியை எறிந்துவிடும். பிறகு குட்டைப்புல் உள்ள தாழ்வான காடுகளுக்கு இறங்கும். அந்தக் காடுகளின் ஓரத்தில்தான் ஐப்பசி, கார்த்திகையில் ராகி கதிர் பிடித்து நிற்கிறது. முற்றிய புல்லைவிட அதில் புரதமும் கால்சியமும் சோடியமும் கூடுதல். யானையைக் குறை சொல்லிப் பயனில்லை.

குட்டைப்புல் முளைக்கும் நிலத்தை உண்ணிச்செடி (லண்டானா என்னும் களைப்புதர்) மூடிக்கொண்டிருப்பது பெரிய சிக்கல். அதை அகற்றும் வேலையிலும் பிழைகள் நடக்கின்றன. தரைக்கு மேலே வெட்டினாலும் தீ வைத்தாலும் தூர் மறுபடி தழைக்கும். மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் பழுக்குமுன் செய்யாவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். வெட்டிய இடத்தைச் சும்மா விடாமல் மழைக்கு முன் உள்ளூர்ப் புல் விதை தூவ வேண்டும். கொண்டைக்குருவிகள் பழம் தின்றுவிட்டு வந்தமரும் மரங்களின் அடியில்தான் புதுக்கன்றுகள் அதிகம் முளைக்கும். அங்கே குறைந்தது இரண்டு, மூன்று ஆண்டுகளாவது திரும்பத் திரும்பக் களையெடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு வெட்டுக்கூலி மட்டும் இருந்தால் அந்தப் பணம் மண்ணோடு போயிற்று என்றே கொள்ளலாம்.

யானை வந்த செய்தியை வெளியிடும்போது, அந்த வாரம் பக்கத்துக் காட்டில் புல் தளிரா, முற்றலா, காய்ந்ததா என்று வனத்துறையிடம் கேட்டு அதையும் ஒரு வரி சேர்க்கலாம். ராகிக்குக் காவல் இருப்பவர்களுக்கு அது உதவும்.

வாசகர்,
சத்தியமங்கலம்