சின்னவன் ஏன் சிரிக்க வேணும்?

அன்புள்ள தம்பி,

நேற்றுப் போன் வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஃபூட்டிப் பயிற்சிக்குப் போன இடத்தில் இன்னொரு பிள்ளை உன் மகன் சின்னவனின் தோலைக் காட்டி அப்படி ஒரு சொல் சொல்லியிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெரியாக்களும் காதில் விழாத மாதிரி நின்றிருக்கிறார்கள். நீயோ, "பெரிசாக்க வேண்டாம் அம்மா, எடி பெட்ஸ் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு விளையாடு எண்டு சொல்லிட்டன்" என்றாய். அந்தப் பெயரை நீ எடுத்ததால்தான் இதை எழுதுகிறேன். போனில் என்றால் என்னை முடிக்க விடமாட்டாய்.

ஃபூட்டி என்கிற இந்த ஆஸ்திரேலியக் காற்பந்தின் பெரிய ஆட்டக்காரர் எடி பெட்ஸை எனக்குக் காட்டித் தந்தது நீதான். மெல்பனின் கார்ல்டன் கிளப்பை விட்டு அவர் நம்மூர் அணியான அடிலெய்ட் குரோஸுக்கு வந்து விளையாடத் தொடங்கிய 2014ஆம் ஆண்டு, நீ யூனியில் படித்துக்கொண்டிருந்தாய். அடிலெய்ட் ஓவலின் வடக்குப் புல்மேட்டில் அந்தப் பழைய ஸ்கோர்போர்டுக்குக் கிட்ட என்னை இருத்தி, நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளி, அவற்றின் இரு பக்கத்திலும் போனால் 1 என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாய். எனக்கு விதிகள் பாதிதான் ஏறின. ஆனால் அந்த மனுசன் பந்தைத் தொட்டால் ஏன் சனம் எல்லாம் எழும்புகிறது என்பது மட்டும் உடனே விளங்கியது.

மைதானத்தின் மூலையில், எல்லைக்கோட்டோடு ஒட்டி நிற்பார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கம்பங்களும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். நெட்டையான ஆக்கள் எல்லாரும் பந்துக்கு மேலே எழும்ப, இவர் அவர்களின் காலடியில் காத்திருப்பார். பந்து சிதறி விழுந்ததும் குனிந்து அள்ளி, இரண்டு எட்டு வைத்து, சரித்துப் பிடித்துக் காலில் விடுவார். பந்து வெளியே போகிற போக்கில் போய், காற்றிலேயே வளைந்து, கம்பங்களுக்கு நடுவே திரும்பிவிடும். ஒரு தரம் என்றால் அதிர்ஷ்டம் எனலாம். இவர் அதை அதே மைதானத்தில் திரும்பத் திரும்பச் செய்தார். சனம் அந்த மூலைக்கே 'எடியின் பாக்கெட்' என்று பெயர் வைத்துவிட்டது. குரோஸுக்காக 132 ஆட்டங்களில் 310 கோல். கார்ல்டனில் அடித்ததையும் சேர்த்தால் 350 ஆட்டங்களில் 640. ஆண்டின் சிறந்த கோல் விருது 2006, 2015, 2016, 2019 என்று நான்கு தரம். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு வாய் நிறைந்த சிரிப்பு. நீ சின்னவனுக்குச் சொன்ன சிரிப்பு அதுதான், எனக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்போடு சேர்த்து மற்றதையும் நினைத்துப் பார். 1986இல் போர்ட் லிங்கனில் பிறந்து, அங்கேயும் கல்கூர்லியிலுமாக வளர்ந்தவர். இந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளை. பதின்ம வயதில் மெல்பனுக்கு வந்து, 2005இல் கார்ல்டனுக்கு விளையாடத் தொடங்கியபோது எழுத வாசிக்க வடிவாகத் தெரியாது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். இப்போது குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் எழுதுகிறார். அவர் உதைத்த கோல்களை விட எனக்கு இது பெரிது.

2016இல், நம்முடைய இதே ஊரில், இங்கத்தைய மற்ற அணியான போர்ட் அடிலெய்டோடு நடந்த ஆட்டத்தில் எதிரணி ரசிகை ஒருத்தி அவரை நோக்கி வாழைப்பழத்தை எறிந்தாள். நீ அன்றைக்குக் கொதித்த கொதிப்பு உனக்கு நினைவிருக்கும். 2020இல் யாரோ அவரைக் குரங்கோடு ஒப்பிட்டு இணையத்தில் போட்டதை, இதைத்தான் நாங்கள் சகிக்க வேண்டியிருக்கிறது என்று அவரே எடுத்து எல்லாருக்கும் காட்டினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், குரோஸில் அவரோடு விளையாடிய முன்னாள் கேப்டன் ஒருவர் இன்னொரு பூர்வகுடி ஆட்டக்காரரை இழிவாகப் பேசியதற்காக 6 ஆட்டத் தடை வாங்கினார். அதைப் பற்றிக் கேட்டபோது எடி தொலைக்காட்சியில் இருந்து பேசியதை நான் பார்த்தேன். முகத்தில் சிரிப்பில்லை. குரல் உடைந்திருந்தது. களைத்துப்போன மனுசனின் பேச்சு அது. அந்த மாதமே தன் 350ஆவது ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார்.

அத்தனை வருசமும் அவர் சிரித்ததைப் பார்த்து, அவருக்கு நோகவில்லை என்று பார்க்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. உன் மகனுக்கு ஆறு வயது. இப்போதே நோவை மறைக்கச் சிரிக்கப் பழக்கினால், நாளைக்கு அவனுக்கு என்ன நடந்தாலும் உனக்குத் தெரியவராது.

பேசினால் தண்டனை கிடைக்கும் என்று நீ பயப்படுவாய். அந்தப் பயம் வெறும் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2017 இறுதியாட்டத்தில் ரிச்மண்டிடம் தோற்ற பிறகு குரோஸ் ஆட்டக்காரர்களை ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். நம்பிக்கையில் தான் சொன்ன சொந்த விசயங்களையே அங்கே தனக்கு எதிராக எடுத்துக் கத்தினார்கள் என்று எடி தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். திரும்பி வந்து இது பிழை என்று சொன்னதற்குப் பிறகு, அணியின் தலைமைக் குழுவிலிருந்தே அவரை நீக்கிவிட்டார்கள். ஆனால் 2022இல் அந்தப் புத்தகம் வந்ததும் கிளப்பும் லீக்கும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. நாலு வருசம் பிந்தித்தான், என்றாலும் கேட்டன. அவர் வாயைத் திறந்திராவிட்டால் அதுவும் வந்திராது.

"பொறுத்தார் பூமியாள்வார்" என்று மாமா உனக்குச் சொன்னாராம். எடியின் சனம் பொறுத்த பொறுமைக்கு இந்த நாட்டில் எவர் பூமியை ஆள்கிறார்கள் என்று மாமாவைக் கேள். 1995இல் மைக்கேல் லாங் என்ற பூர்வகுடி ஆட்டக்காரர் மைதானத்தில் தனக்கு விழுந்த சொல்லைப் பொறுக்காமல் முறைப்பாடு செய்தார். அந்த வருசமே லீக் இனவசைக்கு எதிராக விதி கொண்டுவந்தது. இன்றைக்கு உன் மகனுக்காக நீ போய் நிற்கக்கூடிய இடத்தை அவர்கள்தான் உண்டாக்கித் தந்திருக்கிறார்கள். நமக்கு விழும் சொல்லும் அவர்களுக்கு விழுவதும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். அவர்கள் சொந்த மண்ணிலேயே அதைக் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. எடிக்கு ஐந்து பிள்ளைகள். 2024இல் அந்தப் பிள்ளைகள் ஜீலோங்கில் தங்கள் வீட்டு வளவுக்குள் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, தெருவில் காரில் போனவர்கள் இனவசை கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். கேமராவில் பதிவான அந்த வீடியோவை அவர் வெளியே போட்டார். என் பிள்ளைகள் சொந்த வீட்டில் பயமில்லாமல் விளையாட வேணும் என்று கேட்டார். தனக்கு எறிந்ததை எத்தனையோ தரம் விழுங்கிய மனுசன், பிள்ளைகளுக்கு என்று வந்தபோது ஒரு கணமும் விழுங்கவில்லை. எடி மாதிரி இரு என்று சின்னவனுக்குச் சொன்னாய். நீ இந்த எடி மாதிரி இரு, தம்பி.

சனிக்கிழமைக்கு முதல் கிளப்புக்கு எழுத்தில் போடு. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். என்ன சொல், யார் நின்றார்கள், எத்தனை மணி என்று எல்லாம் எழுது. மற்றப் பிள்ளையைத் திட்டி எழுதாதே, அதுவும் எங்கேயோ கேட்டதைத்தான் சொல்லியிருக்கும். கேட்டுக்கொண்டு நின்ற பெரியாக்கள்தான் பதில் சொல்ல வேணும். சின்னவனைப் பயிற்சியிலிருந்து நிறுத்தாதே, அவனுக்கு அந்தப் பந்தில் உயிர். உன் மனுசியையும் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கு நிதானம் கூட. எடியின் படப் புத்தகம் ஒன்றை நேற்றே தபாலில் போட்டுவிட்டேன், இரவில் அவனோடு இருந்து வாசி.

எழுதின கடிதத்தை அனுப்ப முதல் எனக்கும் ஒரு பிரதி போடு. அப்பாவும் பார்க்க வேணுமாம்.

அன்புடன்,
அம்மா